சராசரியிலிருந்து எடுத்துவைக்கப்பட்ட இருபத்தொரு பூஜ்ஜியங்கள்

அனுப்புநர்
கடன் எண் 4417-இன் கடன்தாரர்,
கணிதத்தில் இளநிலைப் பட்டதாரி,
கூரியர் கிடங்கில் எடை பார்ப்பவர்.
(பெயர் வேண்டாம், கடன் எண் இருந்தால் போதும் என்று விசாரணை மேசையில் கூறினார்கள்.)

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
கல்விக் கடன் பிரிவு,
மூன்றாம் தளம்.

பொருள்: கணிதப் பட்டதாரிகளின் சராசரி மாத வருமானம் என்று தங்கள் அட்டவணையில் உள்ள 41,000 என்ற எண்ணைத் திருத்துவதும், அதை வைத்து என் தாயாரின் சம்பளத்தில் மாதந்தோறும் பிடிக்கப்படும் 5,360-ஐ நிறுத்துவதும் தொடர்பாக.

பார்வை: எனக்கு வந்த தவணை நிர்ணயக் கடிதம் (நகல் இணைப்பு 1).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு நேரில் பேச வராது. இரண்டு முறை தங்கள் அறை வாசல்வரை வந்து திரும்பிவிட்டேன். ஆகவே எழுதுகிறேன்.

1. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். என் தாயார் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறார். கடனுக்கு அவர்தான் பிணையாகக் கையெழுத்திட்டார். அன்று கவுன்ட்டரில் இருந்தவரிடம், “படிச்சு முடிச்சா இவ கட்டிருவாளா சார்?” என்று கேட்டார். “கணக்கு படிக்கிற பொண்ணும்மா, கடன் கணக்கையும் அவளே பாத்துக்குவா” என்று அவர் சிரித்தார். என் தாயாரும் சிரித்தார். கவுன்ட்டரில் இருந்தவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் கூறவில்லை.

2. பட்டம் வாங்கி ஓராண்டு ஆகிறது. பகலில் கூரியர் கிடங்கில் பொட்டலங்களை நிறுத்து எடையைப் பதிகிறேன். மாலையில் மூன்று பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லித்தருகிறேன். இரண்டும் சேர்ந்து மாதம் 14,200 (சான்று: இணைப்பு 2).

3. தங்கள் விதிப்படி, படித்த படிப்பின் சராசரி வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு மாதத் தவணை. அட்டவணையில் கணிதத்துக்கு எதிரே 41,000 இருப்பதால் என் தவணை 8,200. என் சொந்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு 2,840. அதை ஒரு மாதமும் தவறாமல் கட்டி வருகிறேன். மீதி 5,360, பிணைதாரர் என்ற முறையில் என் தாயாரின் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. அவர் சம்பளம் 12,600. கைக்கு வருவது 7,240. ஏழு மாதங்களில் பிடித்தது 37,520. நான் ஒரே மாதத்தில் சம்பாதிப்பதாகத் தங்கள் அட்டவணை சொல்லும் தொகையைவிட அது குறைவுதான்.

4. சலவைப் பிரிவில் என்னைக் ‘கணக்கு’ என்றுதான் குறிப்பிடுவார்கள். முதல் பிடித்தம் வந்த அன்று, “உன் பொண்ணு கூட்டல் படிச்சாளோ இல்லியோ, உன் சம்பளம் நல்லாக் கழித்தல் படிக்குதுக்கா” என்று ஒருவர் சொன்னாராம். என் தாயார் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி, நல்ல வேடிக்கை என்று அவரே மெச்சிக்கொண்டார். அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறார். வலது மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு ஒன்று இருந்தது. இப்போது இரண்டு இருக்கின்றன. நான் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை. இப்போதெல்லாம் எதற்கும் வருவதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மனுவில் மிகைப்படுத்தியதாகத் தாங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

5. இனி இந்த மனுவின் முக்கியமான பகுதி. மேற்படி 41,000 என்ற எண்ணைக் கணக்கிட்டது நான்தான்.

இரண்டாம் ஆண்டில் துறை அலுவலகத்தில் மணிக் கூலிக்கு எழுத்து வேலை செய்தேன். முந்தைய ஆண்டு படித்து முடித்த 64 பேருக்கு வருமானம் கேட்டுப் படிவம் போயிருந்தது. 38 பேர் அனுப்பியிருந்தார்கள். 17 பேர் சம்பளம் எழுதியிருந்தார்கள், கூட்டினால் 6,97,000. அதில் காப்பீட்டு நிறுவனத்தில் இருக்கும் ஒருவருடையது மட்டும் 1,85,000. மற்ற 21 பேர் பூஜ்ஜியம் எழுதியிருந்தார்கள். சிலர் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள். “தேடிக்கொண்டிருக்கிறேன்.” “அடுத்த மாதம் கிடைத்துவிடும்.” “அப்பா கடையில் இருக்கிறேன், சம்பளம் கிடையாது.”

நான் 38-ஆல் வகுத்து 18,342 என்று எழுதி எழுத்தரிடம் காட்டினேன். அவர் ஓய்வு பெறும் வயதில் இருந்தவர், என்மீது பிரியமானவர், தன் தேநீரில் பாதியை எப்போதும் எனக்கு ஊற்றிக் கொடுப்பார். தாளைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இது சம்பளத்தோட சராசரிதானே? சம்பளமே வாங்காதவங்களை எதுக்கு இதுல இழுக்கிறே? முட்டை போடாத கோழியை முட்டைக் கணக்குல சேப்பியா?” என்று கேட்டார்.

சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பண்ணையில் ஒரு கோழிக்கு எத்தனை முட்டை என்று கேட்டால், போடாத கோழியும் கோழிதான். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. பெரியவர் முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சமாக இருந்தது. “சரிங்க சார்” என்றேன். 21 படிவங்களையும் தனியே எடுத்து ரப்பர் பேண்டு போட்டு அடி இழுப்பறையில் வைத்தேன். 17-ஆல் வகுத்தேன். சரியாக 41,000 வந்தது, மீதி இல்லை. மீதி வராததைப் பார்த்துக் கொஞ்சம் சந்தோஷப்பட்டதும் நினைவிருக்கிறது.

6. அந்த எண்ணைக் கல்லூரி நடைவழிப் பலகையில் நீல எழுத்தில் எழுதினார்கள். பலகையிலிருந்து தங்கள் அட்டவணைக்குப் போனது எனக்குத் தெரியாது. தவணைக் கடிதத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது.

7. சென்ற மாதம் சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்குப் போயிருந்தேன். பலகை முன்னால் ஒருவர் தன் மகளோடு நின்றிருந்தார். உடுப்பில் பெயின்ட் தெறித்திருந்தது. என்னைப் பார்த்து, “ஏம்மா, இது மாசத்துக்கா, வருஷத்துக்கா?” என்று கேட்டார். “மாசத்துக்குங்க” என்றேன். “பாத்தியா?” என்று மகளிடம் சொன்னார். நான் படியிறங்கிவிட்டேன். சொல்ல வேண்டியதை இரண்டாம் முறையும் சொல்லவில்லை என்பதைப் பேருந்தில் ஏறிய பிறகு எண்ணிக்கொண்டேன். அன்று மாலைதான் இந்த மனுவின் முதல் வரியை எழுதினேன்.

8. என் வகுத்தலில் பிழை இல்லை. எதால் வகுத்தேன் என்பதில்தான் பிழை. அந்த 38 பேரையும் வருமான வரிசையில் நிற்க வைத்தால் நட்டநடுவில் நிற்கும் இருவருக்கும் வருமானம் பூஜ்ஜியம். படிவமே அனுப்பாத 26 பேரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது; ஆகவே அவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் எடுத்துவைத்த 21 படிவங்களின் கட்டு இன்னும் இருக்கிறதா என்று இப்போதைய எழுத்தரிடம் கேட்டேன். “இருக்குங்க. யாரும் பிரிக்கக்கூட இல்ல” என்றார். தாங்கள் வரவழைத்துப் பார்க்கலாம்.

9. விசாரணை மேசையில் இதைப் படித்துப் பார்த்தவர், “யாராவது தன் தப்பைத் தானே எழுதிக் குடுப்பாங்களாம்மா? அஞ்சாவது பத்தியை எடுத்துடுங்க” என்று நல்லெண்ணத்தில் சொன்னார். எடுக்கவில்லை. ஒருமுறை சிலவற்றை எடுத்துவைத்ததால் வந்ததுதான் இது.

10. படிப்பு வீண் என்றோ, கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்றோ நான் கேட்கவில்லை. கணிதம் எனக்குப் பிடித்துத்தான் படித்தேன். முழுக் கடனையும் கட்டுவேன். மாதம் 2,840 வீதம் கட்டினால் எத்தனை ஆண்டு ஆகும் என்றும் கணக்கிட்டு வைத்திருக்கிறேன் (இணைப்பு 3). நான் கேட்பது மூன்று. என் தவணையை என் உண்மையான வருமானத்தின்படி நிர்ணயிக்க வேண்டும். என் தாயாரின் சம்பளப் பிடித்தத்தை அடுத்த மாதச் சம்பளத்துக்குள் நிறுத்த வேண்டும். அட்டவணையிலும் பலகையிலும் 41,000 என்ற எண்ணுக்குப் பக்கத்தில், அது எத்தனை பேரின் சராசரி, எத்தனை பேர் விடப்பட்டார்கள் என்பதை எழுத வேண்டும். மூன்றும் முடியாதென்றால் இரண்டாவதை மட்டுமாவது செய்து தர வேண்டும்.

11. இந்த ஆண்டு எங்களோடு படித்து முடித்தவர்களுக்கும் அதே படிவம் வந்திருக்கிறது. இம்முறை அதன் அடியில், “வருமானம் இல்லாதோர் இப்படிவத்தை அனுப்பத் தேவையில்லை” என்று அச்சிட்டிருக்கிறார்கள். அன்று நான் கையால் செய்ததை இப்போது அச்சே செய்துவிடுகிறது.

ஆகவே என் வகுப்புத் தோழிகள் ஒன்பது பேரின் வீட்டுக்கு நடந்துபோய் அவர்களின் படிவங்களையும் வாங்கி வந்து, என்னுடையதோடு சேர்த்து இணைத்திருக்கிறேன் (இணைப்பு 4). பத்தின் சராசரி 1,420. இந்த எண்ணையும் தாங்கள் அட்டவணையில் ஏற்ற வேண்டாம். இவர்கள் நானே தேடிப் போனவர்கள், ஆகவே இதுவும் சரியான சராசரி ஆகாது. ஒன்பது படிவங்களிலும் வருமானக் கட்டத்தில் பூஜ்ஜியம் பேனாவால் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அவை நிரப்பாமல் விட்ட கட்டங்கள் அல்ல.

அவற்றை எண்ணும்போது தயவுசெய்து எதையும் தனியே எடுத்துவைக்க வேண்டாம் என்று பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கடன் பிரிவு காத்திருப்புக் கூடம்
நாள்: 11-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
கடன் எண் 4417

பிணைதாரர், படித்துக் காட்டக் கேட்டு ஒப்புக்கொண்டது:
(கையொப்பம்)