அரசருக்கு அடிக்கும் மணி

ஸ்மோலாண்ட், மார்ச் 1633

என் அன்புக் கணவர் இங்கமாருக்கு,

கர்த்தர் உங்களை எங்கே வைத்திருந்தாலும் சுகமாக வைத்திருக்கட்டும். எனக்கு எழுத வராதென்று உங்களுக்குத் தெரியுமே. நான் சொல்லச் சொல்லப் போதகரின் மனைவி பிரிட்டா அம்மா எழுதுகிறார்.

இங்கே பசு கன்று போட்டிருக்கிறது. மாவு தீரப்போகிறது. பைன் மரப்பட்டையை இடித்துக் கலந்துதான் ரொட்டி சுடுகிறேன். சின்னவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றுவிடுகிறாள்.

அரசர் குஸ்தாவ் அடோல்ஃப் ஜெர்மன் தேசத்துப் போரில் இறந்த செய்தி குளிர்காலத்தில் வந்தது. முடிசூடிய நாளிலிருந்து போர் போர் என்றே அலைந்த மனிதர். இப்போது ஆறு வயதுக் குழந்தை நமக்கு ராணி. அரசரை அடக்கம் செய்யும் வரை தினமும் நண்பகலில் கோயில் மணி அடிக்க வேண்டுமாம். மணி அடிக்கிற உங்களைத்தான் அவரே போருக்குக் கூட்டிப் போய்விட்டாரே, அதனால் கயிறு என் கையில்.

வெளியூர் மண்ணில் விழுந்த நம் பையன்களுக்கு மணி ஏது? ஒருநாள் ஆலைக்கார இங்கிரிட் வந்து, "மாலின், ராஜாவுக்குத்தான் தினமும் அடிக்கிறியே, இன்னிக்கு என் மகனுக்குன்னு நெனச்சு அடியேன். அவரு என்ன கோவிச்சுக்கவா போறாரு?" என்றாள். அடித்தேன். மறுநாள் இன்னொருத்தி வந்தாள். அரசருக்கென்று அடித்தே வெகுநாளாகிறது.

போன வாரம் தச்சர் ஹோகன் ஒரு காலோடு திரும்பி வந்தார். அரசர் விழுந்த அதே மூடுபனியில் நீங்களும் விழுந்ததைப் பார்த்தாராம். "பக்கத்துல நின்ன குதிரையே தெரியலங்கற, என் புருஷன் மட்டும் தெரிஞ்சாரா?" என்று சண்டை பிடித்தேன். அவர் உங்கள் கையுறைகளை மேசையில் வைத்துவிட்டுப் போனார். என் பின்னல் எனக்குத் தெரியாதா?

நேற்று போதகர், "இன்னிக்கு அவனுக்காக அடிம்மா" என்றார். கயிற்றைப் பிடித்தேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் அடித்த கை, உங்களுக்கு வரவில்லை. அழுதுகொண்டே இறங்கி வந்துவிட்டேன்.

பிரிட்டா அம்மா இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதை யாருகிட்ட குடுத்து அனுப்பறது, மாலின்?" என்கிறார். நீங்கள் எழுதுங்கள் அம்மா என்றேன்.

அங்கே குளிர் விட்டிருக்காது. கர்த்தர் உங்கள் வெறுங்கைகளைக் காக்கட்டும். கையுறைகளைத் துவைத்து அடுப்பின் மேல் காயப் போட்டிருக்கிறேன், வந்து போட்டுக்கொள்ளுங்கள். நாளை நண்பகலில் மணிச்சத்தம் கேட்டால் உங்களுக்கென்று நினைத்துவிடாதீர்கள். அது அரசருக்கு. சத்தியமாக அரசருக்குத்தான் அடிக்கிறேன்.

உங்கள் மாலின்