வியாழக்கிழமைக் காவல்

கொஸ்லந்த
29.1.1984

புஷ்பத்தின் அப்பாவுக்கு வேலாயி எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். மில்லில் மரம் அறுக்கும் தூசியால் வந்த இருமல் குறைந்ததா? இரண்டு மாதமாக ஒரு வரி இல்லையே.

நாம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே உள்ள காட்டைத் தோட்டத்து லயத்து ஆட்களும் சிங்களக் கிராமத்து ஆட்களும் சேர்ந்து காக்கும்படி வன இலாகா விட்டிருக்கிறது. காய்ந்த விறகு நமக்கு. பச்சை மரத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. வியாழக்கிழமை மாலைக் காவல் எனக்கும் கிராமத்துப் பொடிமெனிக்கேவுக்கும். அப்படியும் யாரோ ஐந்து மரங்களை வெட்டி லொறியில் ஏற்றிவிட்டார்கள். நாங்கள் இருவரும் வன இலாகாவில் புகார் கொடுத்தோம். மறுநாள் நம் கதவில் கோடாலி வெட்டு. புஷ்பம் பீலிக்குப் போகவே பயப்படுகிறாள். நான் என்ன செய்ய?

வேலாயி

ஹாலிஎல
4.2.1984

அன்புள்ள வேலாயிக்கு,

கடிதம் கண்டேன். காவலை விட்டுவிடு. அவர்கள் சொன்னதைச் செய்கிறவர்கள். வருகிற வியாழக்கிழமை காட்டுப் பக்கமே போகாதே. காய்ச்சல் என்று படுத்துக்கொள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. யாரிடமும் சொல்லாதே, பிள்ளைமேல் ஆணை.

தம்பையா

கொஸ்லந்த
12.2.1984

புஷ்பத்தின் அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே படுத்துக்கொண்டேன். பொடிமெனிக்கே வந்து கூப்பிட்டாள். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தனியாகப் போனாள். காட்டில் அடிபட்டுக் கிடந்தவளை இருட்டுவதற்குள் இரத்தத்தோடு தூக்கி வந்தார்கள். வலது கை இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது.

நேற்று பதுளை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். "நீ வராதது நல்லது. ஒனக்கு சின்னப் புள்ள இருக்கு" என்றாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. உங்கள் கடிதத்தை எடுத்துச் சிங்களத்தில் சொல்லிக் காட்டினேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "இன்னொரு தரம் படி" என்றாள். படித்தேன்.

அந்த மரங்களை மில்லில் அறுத்தது உங்கள் கைதானே?

வருகிற வியாழக்கிழமை காலை கொஸ்லந்தவில் வன இலாகா விசாரணை. கடிதத்தைக் கொடுக்கப் போகிறேன். காய்ச்சல் என்று பொய் சொன்னதையும் சொல்வேன். மில்காரர்கள் உங்களை என்ன செய்வார்களோ என்று பயமாக இருக்கிறது. அதற்குள் கிளம்பி நேரே விசாரணைக்கு வாருங்கள். நீங்களே வாய்திறந்து சொன்னால் பக்கத்தில் நிற்பேன். இல்லையென்றால் லயத்துக்கு வர வேண்டாம்.

வேலாயி

கொஸ்லந்த
17.2.1984

தம்பையா அவர்களுக்கு,

நேற்று உங்கள் பக்கமிருந்து பெரகல வழியாக மூன்று பஸ் வந்தது. மூன்றிலும் நீங்கள் இறங்கவில்லை. கடிதத்தைக் கொடுத்துவிட்டேன்.

அங்கே இருக்காதீர்கள். எங்காவது போய்விடுங்கள். எங்கே என்று எனக்கு எழுத வேண்டாம்; விசாரணையில் கேட்டால் சொல்லிவிடுவேன்.

காவலுக்கு என்னோடு வர யாருக்கும் தைரியமில்லை. நேற்று மாலை தனியாகத்தான் போனேன். ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலும் ஆள் நிற்பது போலிருந்தது. கடைசிவரை நடந்துவிட்டுத்தான் திரும்பினேன்.

வேலாயி