நீங்கள் என்னிடம் கேட்காத கேள்வி

அன்பும் அதிகாரமும் சரிபாதியாகக் கலந்த என் அத்தானுக்கு,

நான் விளையாடிவிட்டேன். நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். போன சனிக்கிழமை சாயங்காலம், துறைமுகச் சாலை ஹோட்டல் மாடியில், நீங்கள் மைக் பிடித்து நின்ற அதே ஹாலில், நான் ஓர் அணியில் உட்கார்ந்து வினாடி வினா விளையாடினேன்.

உங்கள் முதல் வருட நினைவுக்குப் பத்திரிகையில் படம் போட்டு, கீழே ஒரு வேத வசனமும் போடலாம் என்று நம் மகன் சென்னையிலிருந்து சொன்னான். தேடிப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் மைக் வாயை மறைக்கிறது. மீசைதான் இல்லை, வாயாவது தெரிய வேண்டாமா? நம் கல்யாணத்தன்றைக்கு என் பெரியப்பா, "மாப்பிளைக்கு மீசையக் காணுமே, வழியில விழுந்துட்டா?" என்று கேட்டு, நாசரேத்துக் கோயில் வாசலில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அந்தப் படம் மட்டும்தான் நன்றாக இருக்கிறது. அதில் நானும் இருப்பதால் பத்திரிகைக்கு ஆகாது என்கிறான் மகன்.

ஆகவே படத்துக்குப் பதில் இந்தக் கடிதம். வினாடி வினாக் குழுவின் வாட்ஸ்அப்பில் போடச் சொல்லி செல்வினிடம் கொடுக்கப்போகிறேன். உங்கள் ஷிப்பிங் ஆபீஸில் உங்கள் நாற்காலிக்கு வந்த அதே செல்வின்தான். இப்போது மைக்கும் அவனிடம்தான் இருக்கிறது. ஊரே படிக்கும், படிக்கட்டும்.

உங்களுக்குத் தெரிந்த கதையைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. கீழே பார், மேலே ஹால். துறைமுகத்துக்காரர்கள், உப்புக் கம்பெனிக்காரர்கள், இரண்டு மூன்று டாக்டர்கள், கஸ்டம்ஸ் ஏஜென்டுகள் மேசைக்கு மூன்று நாலு பேராக உட்கார்ந்து பீரும் நெத்திலி வறுவலுமாக உலக விஷயங்களைப் பிய்த்துப் பிடுங்குவார்கள். நீங்கள் மட்டும் பன்னீர் சோடாவை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பீர்கள். "சாராயக் கடையில ஏம்ல பரீட்சை நடத்துத?" என்று உங்கள் சித்தி கேட்டதற்கு, "படிக்காதவங்க இருக்கிற இடத்துலதான சித்தி பள்ளிக்கூடம் வைக்கணும்" என்று சொன்னீர்கள். சித்தி அதை மிஷனரி ஊழியம் என்று எடுத்துக்கொண்டு ஜெபக்கூட்டத்தில் உங்களுக்காக ஜெபித்தார்கள்.

அந்த ஹாலுக்குப் போகும் ஒவ்வொரு கேள்வியும் முதலில் மில்லர்புரத்தில் நம் அடுக்களைக்கு வரும். நான் மீன் கழுவிக்கொண்டிருப்பேன். "ஏளா, இது தெரியுதா பாரு" என்று ஆரம்பிப்பீர்கள். எனக்குப் பதில் தெரிந்துவிட்டால் அந்தக் கேள்வி அவ்வளவுதான். "சுகிர்தாவுக்கே தெரியுது" என்று தூக்கிப் போட்டுவிடுவீர்கள். அப்படிச் சொன்ன நாட்களில் குழம்பில் உப்பு கூடியது தற்செயல் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தீர்கள். எனக்குத் தெரியாமல் இருந்து, பதிலைக் கேட்ட பிறகும் நான் சும்மா தலையை ஆட்டினால் அதுவும் ஆகாது. தெரியாமல் இருக்க வேண்டும், ஆனால் பதிலைக் கேட்டதும் "அட ச்சே!" என்று என் வாயில் வந்துவிட வேண்டும். அந்த ஒரு சத்தம் வந்தால்தான் கேள்வி தேறியது.

இதனால் நான் விளையாட முடியாது. கேள்வியை முன்பே கேட்டவர் பதில் சொல்லக் கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம். ஊருக்கெல்லாம் சட்டம் என்று பேர், அதில் மாட்டியது நான் ஒருத்திதான். சரி, வேடிக்கையாவது பார்க்கலாம் என்று வந்தால் அதற்கும் வந்தது கேடு. கேள்வி கேட்டவுடன் எல்லா மேசையும் என் முகத்தைத்தான் பார்த்தது. நான் உதட்டைச் சுழித்தால் ஒரு மாதிரி, புருவத்தைத் தூக்கினால் ஒரு மாதிரி என்று கணக்குப் போட்டுப் பதில் எழுதினார்கள். கண்டுபிடித்துவிட்டு என் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டீர்கள். அன்றிலிருந்து நான் துறைமுகத்து கிரேன் விளக்குகளைப் பார்த்தபடிதான் வினாடி வினா கேட்டேன்.

அரசு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஓய்வு பெறும்வரை ஊருக்கே பதில் சொன்னவள் நான். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முந்தி, எது பிந்தி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்த ஹாலில் ஒரே ஒரு தடவை எழுந்து நின்று ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. உங்களிடம் சொல்லவும் செய்தேன். "நீ விளையாடப் போயிட்டா நான் யார்ட்டளா கேப்பேன்?" என்றீர்கள். மீனைக் கழுவினேன்.

நீங்கள் போன பிறகு எல்லோரும் என்னிடம் அன்பாகத்தான் இருக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. மகன் தினமும் போன் செய்கிறான். சாப்பிட்டாச்சா? மாத்திரை போட்டாச்சா? கேஸ் அடைச்சாச்சா? மூன்றுக்கும் 'ஆச்சு' என்று ஒரே பதில். எதிர்வீட்டு அம்மா கேட்டாலும் அதுதான், நம் சபை ஐயர் ஜெபிக்க வந்து கேட்டாலும் அதுதான். யோசித்துச் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுகூட இந்த வீட்டுக்கு வரவில்லை. இழவு வீட்டில் அழாமல் நிற்கிறாள் என்று என்னைப் பற்றிப் பேசியது என் காதில் விழுந்தது. எனக்கு அழுகை வந்தது பிறகு, இதற்காகத்தான். ஒருநாள் வாளை மீனைக் கழுவிக்கொண்டே நிற்கிறேன், பின்னால் யாரும் எதையும் கேட்கவில்லை. குழாயை மூடிவிட்டு அழுதேன்.

அதற்கப்புறம்தான் செல்வின் வந்தான். திரும்பவும் வினாடி வினா ஆரம்பிக்கப்போகிறார்களாம்.

"ஆன்ட்டி, சாருக்குக் கேட்டுச் சொன்ன மாதிரி எனக்கும் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க. வாராவாரம் வாரேன்."

அடுக்களைக்குக் கேள்வி திரும்ப வருகிறது. சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் மறுபடியும் ஜன்னல் பக்கத்து நாற்காலிதான்.

"முடியாதுலே. நான் விளையாட வாரேன்" என்றேன்.

"யாரு, நீங்களா?" என்றான். காபி ஆறிப்போகும்வரை அந்த 'நீங்களா' அவன் முகத்திலேயே நின்றது.

என் அணியில் மூன்று பேர். நான், மருந்தகத்தில் என்னோடு வேலை பார்த்த பாத்திமா, அப்புறம் கப்பல்களுக்கு மளிகை ஏற்றும் ராஜன் அண்ணாச்சி. உங்களுக்குத்தான் தெரியுமே, அண்ணாச்சிக்கு எந்த நாட்டு மாலுமி எந்த அரிசி கேட்பான் என்று தெரியும், மற்ற எதுவும் தெரியாது. பாத்திமாவுக்கு கிரிக்கெட். மிச்ச உலகம் முழுக்க என் பொறுப்பு.

முதல் கேள்வி கேட்டவுடன் என்ன நடந்தது தெரியுமா? எல்லா மேசையும் திரும்பி என் முகத்தைப் பார்த்தது. பழக்கதோஷம். "என்னய என்ன பாக்கிய? எனக்கும் இப்பதான் தெரியும்" என்று சத்தம் போட்டேன். சிரித்துவிட்டுக் குனிந்து எழுதினார்கள். நான் சுமாராகத்தான் விளையாடினேன். நதிகளில் போச்சு. தலைநகரங்களில் தப்பித்தேன். அரிசி பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை என்று அண்ணாச்சிக்கு வருத்தம். முதல் பரிசு டாக்டர்கள் மேசைக்கு. இரண்டாம் இடத்துக்கு எங்கள் மேசையும் கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆல்வின் மேசையும் சமமாக வந்து நின்றோம். பரிசு, ஒரு பெட்டி மக்ரூன்.

சமமாக வந்தால் என்ன செய்வீர்களோ அதையே செல்வினும் செய்தான். மேசைக்கு ஒருவர் எழுந்து நிற்க வேண்டும், ஒரே கேள்வி, முதலில் கை தூக்கியவர் சொல்ல வேண்டும். பாத்திமா என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். ஆல்வின் அந்தப் பக்கம் நின்றார். எத்தனையோ வருடமாக முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஹாலில் நான் முகத்தைக் காட்டி நின்றேன்.

செல்வின் கேட்டான். "முத்தைப் போட்டு வைத்தால் மெல்லக் கரைந்துபோகும். எல்லா வீட்டு அடுக்களையிலும் இருக்கக்கூடிய ஒரு திரவம். எது?"

என் கை தானாக மேலே போனது. "வினிகர்."

"கரெக்ட்!" என்றான் செல்வின். பாத்திமா மேசையைத் தட்டினாள்.

அப்போது ஆல்வின், தயங்கித் தயங்கித்தான் கேட்டார். நல்ல மனுஷன். "அக்கா, தப்பா எடுத்துக்கிடாதிய. உங்க வீட்டு அண்ணாச்சி இந்தக் கேள்விய உங்கட்ட எப்பவாவது கேட்டிருக்காவளா?"

"இது நானா எழுதுன கேள்வி சார்" என்றான் செல்வின் அவசரமாக.

"நீ எழுதுனது சரிப்பா. அவங்க முன்னாடியே கேட்டிருந்தா ஆகாதுல்லா? அண்ணாச்சி போட்ட சட்டந்தான அது?"

ஹால் என் முகத்தைப் பார்த்தது.

கேட்டிருந்தீர்கள், அத்தான். தண்ணீர் காயவைக்கும் ஹீட்டர் கம்பியை வினிகரில் ஊறப்போட்டு நான் வெள்ளை உப்பை எடுத்துக்கொண்டிருந்த அன்றைக்கு. நான் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், முத்தும் சிப்பியும் ஒரே சுண்ணாம்பு, கம்பியில் இருப்பதும் அதே சாதி, இதைக் கரைக்கிறது அதையும் கரைக்கும் என்று. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. "சுகிர்தாவுக்கே தெரியுது" என்று தூக்கிப் போட்டீர்கள். ஹாலுக்கு அந்தக் கேள்வி போகவே இல்லை.

'கேட்கவில்லை' என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவரான நீங்கள் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறீர்கள். உங்களால் ஆட்சேபம் சொல்ல முடியாது. அந்த மாடியில் நின்று அதை நான் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"கேட்டிருக்காவ" என்றேன். "நான் பதிலும் சொல்லிட்டேன். அதான் உங்க யாருக்கும் அந்தக் கேள்வி வரல."

ஆல்வினுக்கே முகம் மாறிவிட்டது. "அப்பவே சொன்ன பதிலுன்னா அக்காவுக்கே குடுத்திரு செல்வின்" என்றார். டாக்டர்கள் மேசையிலும் குடு குடு என்றார்கள். கொடுத்தால் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அது பழைய பதில், அத்தான். அதை நான் சொல்ல வேண்டியவரிடம் எப்போதோ சொல்லிவிட்டேன். நான் மாடியேறி வந்தது அதற்காக இல்லை.

"வேண்டாம்லே செல்வின்" என்றேன். "எனக்கு இன்னொரு கேள்வி கேளு."

அவன் கையிலிருந்த தாளைப் புரட்டினான். "சீட்டுக்கட்டுல நாலு ராஜா. அதுல ஒரு ராஜாவுக்கு மட்டும் மீசை கிடையாது. எந்த ராஜா?"

எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா, அந்தத் தெரியாமை! மண்டைக்குள் நாலு ராஜாக்களையும் வரிசையாக நிறுத்தி வைத்துப் பார்க்கிறேன், ஒருத்தன் முகமும் தெளிவாக இல்லை. யோசித்தேன். ஒரு வருடத்துக்குப் பிறகு யோசித்தேன். கை தூக்கி, "ஸ்பேடு" என்றேன்.

"தப்பு ஆன்ட்டி. ஆல்வின் சார்?"

"ஆட்டின் ராஜா, இதயம் போட்டவன்" என்றார் ஆல்வின். அவர் சீட்டாடுகிறவர்.

"அட ச்சே!" என்று என் வாயில் வந்துவிட்டது. மைக் இல்லாமலே கடைசி மேசை வரைக்கும் கேட்டிருக்கும். உங்கள் கேள்விகள் எல்லாம் அந்தச் சத்தத்தில்தான் தேறின என்று அங்கே எல்லோருக்கும் தெரியுமே. ஹால் முழுக்கக் கைதட்டினார்கள். செல்வின் மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் துடைக்கவில்லை, அப்படியே விட்டேன்.

மக்ரூன் பெட்டி ஆல்வினுக்குப் போயிற்று. அதுதான் முறை. எனக்கு ஒன்று தந்தார், தின்றேன்.

மறுநாள் கோயிலுக்குப் போய் வந்ததும், நாம் சென்னை ரயிலில் ஆடும் அந்தச் சீட்டுக்கட்டை எடுத்தேன். ஆட்டின் ராஜாவைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். வாஸ்தவம்தான். தாடி இருக்கிறது, மீசை இல்லை. மணியாச்சி ஜங்ஷன் தாண்டுவதற்குள் எத்தனை தடவை இந்தச் சீட்டு என் கைக்கு வந்திருக்கும்? எதிரே மீசை இல்லாத ஒரு மனுஷனை வைத்துக்கொண்டு, கையிலும் ஒருவனை வைத்துக்கொண்டு, நான் கவனிக்கவே இல்லை.

நீங்கள் கவனித்தீர்களா? கவனித்திருந்தால் என்னிடம் கேட்டிருப்பீர்கள். கேட்டதே இல்லை. அப்படியானால் உங்களுக்கும் தெரியாது. சீட்டைக் கையில் பிடித்தபடி முன்னறைக்கு ஓடினேன், அத்தான், உங்களைக் கேட்டு மடக்கலாம் என்று. பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

இனி மாதாமாதம் விளையாடுவேன். தோற்கவும் செய்வேன். எனக்குத் தெரியாமல் போன கேள்வியை மறுநாளே கல்லறைத் தோட்டத்துக்கு வந்து உங்களிடம் கேட்பேன். பதிலை உடனே சொல்ல மாட்டேன். ஒரு வாரம் கிடந்து யோசியுங்கள். இத்தனை வருடம் நான் யோசித்தேன், இனி உங்கள் முறை.

மாத்திரை போட்டாச்சு, கேஸும் அடைச்சாச்சு.

பதில் தெரிந்தும், தெரியாமலும்
உங்கள் மாமன் மகள், மனைவி
சுகிர்தா
மில்லர்புரம்