படம் இருந்த இடத்திலேயே

சாரல் மறுபடி பிடித்துக்கொண்டது. மேலகரம் அறையின் ஜன்னலைத் திறந்தேன். ஈரக்காற்று பட்டதுமே உன் கணினிக் கீபோர்டிலிருந்து மூலிகை எண்ணெய் வாசம் கிளம்பிற்று. சீசன் முழுக்க, காலையில் ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தலையில் பாதி எண்ணெயோடு வந்து உட்காருவாய். "கையைத் துடைச்சுட்டுத் தொடுட்டி!" என்று நான் கத்தினால், "கெர்னலுக்கும் கொஞ்சம் குளிர்ச்சி வேண்டாமாக்கும்?" என்பாய். நீ போனபின் வரும் முதல் சீசன் இது. துடைக்க மனம் வரவில்லை, போ.

ஐந்தருவிக்கு மேலே பாறையில் நாம் வைத்த கேமரா அப்படியே இருக்கிறது. மலையில் மழை கொட்டித் தண்ணீர் சிவந்து ஏறினால், கீழே குளிப்பவர்களுக்கு முன்கூட்டியே அபாயச் சங்கு ஊத வேண்டும். அவ்வளவுதான் நம் வேலை. கேமராவின் படத்தை ஒரு நிரல் வாங்கும். இன்னொரு நிரல் பார்த்து, ஆபத்தா என்று சொல்லும். ஒன்றின் நினைவகத்தை மற்றது எட்டிப் பார்க்க முடியாது. அதனால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் நடுவில் நின்று, தனக்கொரு நகல் எடுத்து, அடுத்ததற்கு மறுபடி ஒரு நகல் எடுத்துக் கொடுக்கும். அந்தச் சின்னக் கணினி போர்டுக்கு இதிலேயே மூச்சு முட்டியது. படங்கள் தேங்கின. சங்கு ஊதுவதற்குள் தண்ணீர் வந்துவிடும் போலிருந்தது.

"எதுக்குட்டி நகலு? படம் இருந்த இடத்துலயே இருக்கட்டும். அத யாரு பாக்கலாங்கிறத மட்டும் கெர்னல் மாத்திக் குடுக்கட்டும்," என்றாய். ஒரே இடத்தில் இரண்டு நிரல் கை வைத்தால் வம்பு என்றேன். நீ கேட்கிற ஆளா?

வம்பு வந்தது. நல்ல வெயிலில் சங்கு ஊதிவிட்டது. தலையில் சீயக்காயோடு ஜனங்கள் ஓடினார்கள். பஜ்ஜிக்கடை அண்ணாச்சி கரண்டியும் கையுமாக வந்தார். "ஏம்மா, தண்ணி நல்லாத்தான விழுது? எந்தக் கூறுகெட்டவன் ஊதுனது? இனி நெசமா ஊதினாலும் ஒருத்தனும் நம்ப மாட்டான், பாத்துக்கிடுங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் சுட்டது. படத்தை ஒரு நிரல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கேமரா நிரல் அதே இடத்தில் அடுத்த படத்தை எழுதத் தொடங்கியிருந்தது. மேல்பாதி ஒரு படம், கீழ்ப்பாதி இன்னொன்று. பார்க்கும் நிரல் அந்தக் குழப்பத்தை வெள்ளம் என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

மறுநாள் அருவியில் பெண்கள் பக்கம் வரிசையில் நின்றோம். போலீஸ்காரம்மா விசில் ஊதி, "குளிச்சவங்க வெளிய வாங்க, அடுத்த ஆளு நிக்காவல்லா!" என்றார். ஒரு அக்கா, "வந்துட்டேன், வந்துட்டேன்" என்றபடி அங்கேயே நின்றாள். அருவிச் சத்தத்தில் நீ என் காதில் கத்தினாய்: "இந்த அக்காதாம்ட்டி நம்ம கேமரா நிரல்! வந்துட்டேன்னு சொல்லுதா, தோள மட்டும் உள்ளயே வச்சிருக்கா பாரு!"

அன்றே மாற்றினோம். படத்தைக் கொடுத்த கணத்திலேயே, கொடுத்த நிரலின் உரிமையைக் கெர்னல் எடுத்துவிடும். மற்றது பார்த்து முடித்து அந்த இடத்தைத் திருப்பித் தந்த பிறகுதான் அது மறுபடி எழுதலாம். உரிமையை மாற்றவும் நேரமாகுமே என்று இழுத்தேன். "ஆகும். அவ்வளவு பெரிய படத்த ரெண்டு தடவ எழுதுறதுக்கு இது எவ்வளவோ தேவல," என்றாய். "குடுத்தா முழுசாக் குடுக்கணும்ட்டி. குடுத்த பொறவு கை வைக்கப்படாது."

அதை ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் செய்வாய் என்று யார் கண்டது? நம் நிரல் முழுவதையும் என் பொறுப்பில் விட்டுவிட்டு, அதைத் திருத்தும் உரிமையை உனக்கே நீக்கிக்கொண்டாய். எனக்கு வந்த கோபம்! "நீ திரும்பி வருவேல்லா, இப்ப எதுக்கு இந்த வேல?" என்று அழுதுகொண்டே திட்டினேன். "வந்தா நீ திருப்பித் தா, வாங்கிக்கிடுதேன்," என்று சிரித்தாய்.

போன வாரம் சங்கு ஊதியது. கீழே வெறும் சாரல்தான். அருவி சாதுவாக விழுந்துகொண்டிருந்தது. இதுவும் பொய்யாகிவிட்டால் கழற்றி எறிந்துவிடுவார்களே என்றிருந்தது எனக்கு. முதலில் ஓடியது அண்ணாச்சிதான். "ஏலே, வெளிய வாங்கலே! சங்கு ஊதுதுல்லா!" அந்த வெயில் நாளுக்குப் பிறகு அது பொய்யாக ஊதவேயில்லை என்பதை மனுஷர் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். எல்லோரும் மேலேறி நின்ற பிறகு செந்தண்ணீர் வந்து, அவர்கள் குளித்த இடத்தை மூடியது.

அண்ணாச்சி என்னைத் தேடி வந்து கேட்டார்: "கூட இன்னொரு பிள்ள நிக்குமே, எங்கம்மா?" என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

உன் நினைவு நாளாக நாளாக மங்கி, நகலுக்கு நகலாகிப் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தேனடி. இல்லை. நீ செய்தது நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. கை மட்டும்தான் இப்போது என்னுடையது. இந்த வேலைக்கு அடுத்து ஒருத்தி வருவாள். முழுசாகக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வேன்.

கீபோர்டை மட்டும் தரமாட்டேன், சொல்லிவிட்டேன்.