ஆர்லன் கூப்பிடவில்லை

அன்பு மகள் பவுலாவுக்கு,

உன் தம்பி டேலின் இரண்டு விலா எலும்புகளை உடைத்தது போலீஸ், அந்தப் போலீஸைக் கூப்பிட்டது நீ. நான் உயிரோடு நடமாடுகிறேன், நீயும் பிள்ளைகளும் அந்த சியாட்டில் மழையில் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருக்க வேண்டும், கோபத்தில் எழுதினாலும் அந்த நினைப்பு மாறவில்லை.

காதுக்குள் கேட்கும் குரல்கள் திரும்பி வந்துவிட்டன, இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று டேல் போனில் சொன்னதும் பயந்துபோய் அவசர எண்ணை அழுத்திவிட்டாய், அவ்வளவு தூரத்தில் இருப்பவளுக்கு வேறென்ன தோன்றும். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆர்லன் அவனோடுதான் இருக்கிறான் என்று சொல்லியிருப்பேன். மனநல ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவர்களே சேர்ந்து நடத்தும் வீடு இங்கே இருக்கிறது, ஆர்லன் அங்கிருந்து வருபவன், டேல் இந்த ஒரு வருடம் மாத்திரையும் வேலையும் விடாமல் இருந்தது அவனால்தான். ஷூவைக் கழற்றித் தரையில் உட்கார்வார்கள், போலீஸைக் கூப்பிட்டே ஆக வேண்டுமென்றாலும் முகத்துக்கு நேரே சொல்லாமல் கூப்பிட மாட்டார்கள், அது அவர்கள் சத்தியம். அன்றும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, "எனக்குள்ள பேசுறவன் நாள் பூரா பேஸ்பால் ஸ்கோர்தான் சொல்றான், உன் ஆளாவது சுவாரசியமா திட்டுறான்டா" என்று சிரிக்க வைத்து நாலு வாய் சூப் குடிக்க வைத்திருக்கிறான். அப்புறம் சிகரெட் பிடிக்க வாசலுக்குப் போய் வந்தான். அடுத்த நிமிடம் கதவு உடைந்தது. டேல் கையில் இருப்பது ஸ்பூன்தான் என்று ஆர்லன் கத்தக் கத்த, மின்சாரத் துப்பாக்கியால் சுட்டு, விழுந்தவன் முதுகில் முழங்காலை ஊன்றினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது சூப்பும் ரத்தமும் ஒன்றாகக் கிடந்தன. டாக்டரைப் பார்க்க ஏழு வாரம் காத்திருக்கச் சொல்லும் ஊரில் மூன்று துப்பாக்கிகள் மட்டும் பத்து நிமிடத்தில் வந்துவிடுகின்றன.

டேலுக்குச் சந்தேகம் அந்தச் சிகரெட் மேல்தான், அந்தச் சாக்கில் வெளியே போய் ஆர்லன்தான் போலீஸைக் கூப்பிட்டான் என்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று பார்க்கப் போன ஆர்லனைக் காப்பிக் குவளையால் வாயில் அடித்தான், மூன்று பல் போயிற்று. ஆர்லன் புகார் கொடுக்கவில்லை, ரத்தத்தைத் துப்பிவிட்டு, "அடிச்சாச்சுல்ல, இப்பக் கேளு, நான் கூப்பிடலடா" என்றான். சொல்லாதீங்கப்பா என்று நீ அழுததையும் மீறி உன் பெயரை நான் டேலிடம் சொல்லிவிட்டேன். "அந்தத் துரோகியைக் காப்பாத்த அக்காவை மாட்டி விடுறீங்களா" என்று என்னையும் வெளியே தள்ளினான். மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டிவிட்டான், மீண்டவர்கள் நடத்தும் அந்த வீட்டு ஆட்கள் யார் போனாலும் கதவைத் திறப்பதில்லை. ஆர்லன் மட்டும் வீங்கிய வாயோடு தினமும் போய் ஷூவைக் கழற்றி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டு வருகிறான், உள்ளேயிருந்து பாட்டில் பறந்து வருகிறது.

கடவுள் உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும், பனி விழுமுன் கார் டயரை மாற்றிவிடு. இனிக் கேட்கப் போவதைப் போனில் கேட்டதும் நீ வைத்துவிட்டாய், அதனால்தான் எழுதுகிறேன். டேல் இன்னும் நம்புவது உன் ஒருத்தியின் குரலைத்தான். கூப்பிட்டது நான் என்று உன் வாயால் அவனிடம் சொல். எப்போது சொல்வாய்?

அப்பா,
ஸ்டான்லி ஹ்ருஸ்கா