தண்ணீர் உண்டு

நீடாமங்கலம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு லத்தீஃபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் நான் நலம். ஷமா நலம். மாமியும் ஆஸிமும் நலம். நீங்கள் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ராத்திரி ஏசியைக் கொஞ்சம் குறைத்து வைத்துத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன்.

தினமும் போனில் பேசும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பீர்கள். நாம் எங்கே பேசுகிறோம் மச்சான்? ஸ்பீக்கரில் போட்டு மாமி பேசி, ஆஸிம் பேசி, உங்கள் அக்கா இருந்தால் அவரும் பேசி, ஷமா பாடம் ஒப்பித்து, போன் என் கைக்கு வரும்போது உங்களுக்குக் கடை திறக்கும் நேரம் வந்துவிடுகிறது. ‘நல்லா இருக்கியா’ என்று கேட்கிறீர்கள். ‘இருக்கேன்’ என்கிறேன். உடனே ‘சரி வைக்கட்டுமா’ வந்துவிடுகிறது. எதிர்வீட்டு ஃபாஜில் லீவு முடிந்து ஷார்ஜாவுக்குத் திரும்புகிறான். மாமி செய்த நார்த்தங்காய் ஊறுகாயும் கொஞ்சம் தம்ரூட்டும் அவனிடம் கொடுத்துவிடுகிறோம். அதோடு இதையும் வைக்கிறேன்.

ஷமா இப்போது இரட்டைப் பின்னல்தான் வேண்டும் என்கிறாள். எனக்குக் காலையில் ஒற்றைப் பின்னலுக்கே நேரம் இல்லை. மாமிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, தைலம் தீர்ந்துவிட்டது, ஃபாஜில் அடுத்த தடவை வரும்போது கொடுத்துவிடுங்கள். ஆஸிம் கடை வைக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு இன்னும் கட்டிலை விட்டு எழுந்தபாடில்லை. மார்கழிக் குளிரில் எனக்கும் இரண்டு நாள் காய்ச்சல் வந்து போனது. பெரிதாக ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூடம் எப்போதும் போலத்தான். காலையில் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் அன்றைக்கு முழுவதும் தலைவலி. அறுவடைக் காலம், நெல் ஏற்றுகிற கூட்ஸ் வண்டியை முன்னாலும் பின்னாலும் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். பஸ்ஸில் நின்றபடியே தூங்கப் பழகிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் தியாகராசன் சாரும் நானும்தான். மூன்று, நான்கு, ஐந்து என்று மூன்று வகுப்பும் எனக்கு, ஒரே அறையில். ஒரு வகுப்புக்குக் கணக்குப் போட்டுவிட்டு மறு வகுப்புக்குத் திரும்பினால் முதல் வகுப்பில் சண்டை. நடுவில் செல்போனில் வருகைப் பதிவு, சத்துணவு முட்டை எண்ணிக்கை, போட்டோ எடுத்து அனுப்பு என்று உத்தரவு. வீட்டுக்கு வந்தால் கால் இரண்டும் என்னுடையவைதானா என்று இருக்கிறது.

ஒரே ஒரு விஷயம் மட்டும் உற்சாகமாக நடக்கிறது. பிள்ளைகளை வைத்துச் செடிச் சோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பேப்பர் கப்பில் வயல் மண்ணைப் போட்டு ஆளுக்கு இரண்டு உளுந்து ஊன்றினோம். முளைத்து இரண்டு இலை விட்டதும் மூன்றை மட்டும் தனியே பிரித்தேன். ஒன்றை ஜன்னல் ஓரம் வைத்து ‘தண்ணீர் உண்டு’ என்று எழுதி ஒட்டினேன். பக்கத்திலேயே இன்னொன்று, ‘தண்ணீர் இல்லை’. மூன்றாவதைப் பீரோவுக்குள் இருட்டில் வைத்துப் பூட்டினேன். எது எப்படி வளர்கிறது என்று பிள்ளைகள் பார்த்து எழுத வேண்டும். நன்றாக வந்தால் அதிகாரி வரும்போது காட்டலாம் என்று தியாகராசன் சார் சொல்லியிருக்கிறார்.

இதில் வெற்றிசெல்வன் என்று ஒருவன், ஐந்தாம் வகுப்பு, எழுந்து நின்று எனக்கே பாடம் எடுத்தான். ‘உளுந்துக்கு யாரு டீச்சர் தண்ணி வைப்பாங்க? அறுப்புக்கு முன்னாடி வயல்ல தெளிச்சு விட்டா பனியிலயே வந்துரும்’ என்றான். வயலில் அடி ஈரம் இருக்கும், இந்தக் கப்பில் ஏதடா ஈரம் என்று உட்கார வைத்தேன். பீரோச் செடி ஒரே வாரத்தில் வெளுத்துப்போய் நெடுநெடுவென்று நீண்டுவிட்டது. வெளிச்சம் தேடி நீள்கிறது, தண்டில் வலு இல்லை என்று சொல்லிக் கொடுத்தேன். எனக்கு ஆஸிம் ஞாபகம்தான் வந்தது. மாமியிடம் சொல்லிவிடாதீர்கள்.

நாளையிலிருந்து எனக்குத் தஞ்சாவூரில் ஐந்து நாள் பயிற்சி. ‘தண்ணீர் உண்டு’ கப்புக்குத் தினம் ஒருவர் என்று முறை வைத்திருக்கிறேன். மற்றதை தியாகராசன் சார் பார்த்துக்கொள்வார்.

அக்ரிமெண்ட் விஷயம். இன்னும் இரண்டு வருஷம் போடச் சொல்லி முதலாளி கேட்பதாகவும், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் மாமியிடம் சொன்னீர்களாம். ஆஸிமுக்குக் கடை வைத்துக் கொடுக்க வேண்டும், அதனால் போட்டுவிடுவதே நல்லது என்று இங்கே எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு இதில் சொல்ல ஒன்றும் இல்லை. உங்கள் இஷ்டம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
லத்தீஃபா


வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

மச்சான், ஃபாஜிலின் டிக்கெட் தள்ளிப் போய்விட்டது. நாளைக்குத்தான் திருச்சியில் ஏறுகிறான். அதனால் இந்தக் கடிதம் பீரோவில் ஊறுகாய் பாட்டிலோடு பன்னிரண்டு நாள் கிடந்தது. இன்று உறையைப் பிரித்து மேலும் எழுதுகிறேன். ஷமா கீழே மாமியிடம் ஓதிக்கொண்டிருக்கிறாள். மாடியில் நான் மட்டும்.

செடிச் சோதனையில் என் மானம் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடிந்து நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிய அன்றே அதிகாரி வைத்தியலிங்கம் சாரும் வந்துவிட்டார். நான் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடுகிறேன், அவர் ஏற்கனவே ஜன்னல் ஓரம் நின்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார். ‘தண்ணீர் இல்லை’ என்று எழுதிய கப்பில் செடி பச்சைப்பசேல் என்று நிற்கிறது. கப்பின் அடி ஊறிப்போய்ப் பலகையெல்லாம் ஈரம். ‘தண்ணீர் உண்டு’ என்று எழுதியது வாடித் தலைகவிழ்ந்து, மண் விளிம்பை விட்டு விலகிப் பாளமாகக் கிடக்கிறது.

‘லேபிளை மாத்தி ஒட்டிட்டீங்களா டீச்சர்?’ என்று கேட்டார். நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டேதான் கேட்டார். தியாகராசன் சாருக்கு முகம் சிறுத்துவிட்டது. திரும்பவும் செய்து காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

பிள்ளைகளை உட்கார வைத்து, அடிக்க மாட்டேன், உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். தர்ஷினி முதலில் எழுந்தாள். தண்ணி பாட்டிலில் மிச்சம் இருந்ததை ‘இல்லை’ கப்பில் ஊற்றினேன் என்றாள். ஏன் என்றேன். ‘பாவமா இருந்துச்சு டீச்சர்’ என்றாள். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஜெகன் காலையில் ஊற்றியிருக்கிறான். சாப்பாட்டுத் தட்டு கழுவப் போகும்போது இரண்டு பேர் ஊற்றியிருக்கிறார்கள். பனியிலேயே வந்துவிடும் என்று எனக்குப் பாடம் எடுத்த வெற்றிசெல்வனும்தான் ஊற்றியிருக்கிறான். யாருக்கும் தெரியாமல் செய்ததாக ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். செடி முன்னால் நிற்கும்போது தண்ணீர் ஊற்றாமல் இருக்க இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கை வரவில்லை.

சரி, ‘உண்டு’ கப்பை ஏன் விட்டீர்கள், முறை வைத்திருந்தேனே என்று கேட்டேன். முறைக்காரன் ஒருவன் கல்யாணத்துக்குப் போய்விட்டான், ஒருத்தி மறந்துவிட்டாள், அவள் ஊற்றியிருப்பாள் என்று அடுத்தவள் போய்விட்டாள். பத்துப் பேர் தினமும் அதைத் தாண்டித்தான் பக்கத்துக் கப்புக்குத் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒருவருக்கும் கண்ணில் படவில்லையா என்றேன். பூமிகா என்கிற மூன்றாம் வகுப்புக் குழந்தை, பேசவே பேசாதவள், சொன்னாள்: ‘அதுலதான் தண்ணி உண்டுன்னு எழுதியிருக்கே டீச்சர்.’

கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சும்மா தேதியை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கேட்டில் பஸ் நின்றபோது அழுதேன் மச்சான். பக்கத்தில் இருந்த அம்மாள் என்னம்மா தலைவலியா என்று கேட்டு மிட்டாய் கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே அழுதேன்.

மார்கழியில் எனக்கு வந்த காய்ச்சல் இரண்டு நாள் இல்லை. ஒரு வாரம். பெரிதாக ஒன்றும் இல்லை என்று எழுதியதும் பொய். எழுந்தால் சுவர் சுற்றியது. வாசலில் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு, என் தம்பி கூத்தாநல்லூரிலிருந்து கஞ்சி கொண்டுவந்திருக்கிறான் என்று மாமி நினைத்துக்கொண்டார்கள். அது தண்ணீர் கேன் போட வந்தவனின் வண்டி. மாமியார் கீழ்வீட்டிலேயே இருக்கும்போது கஞ்சிக்கு என்ன குறை என்று என் அம்மா நினைத்துக்கொண்டார். ஆஸிம் மாத்திரை வாங்கிப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனான். நீங்கள் போனில் என்னைக் கேட்டபோது, ‘அவளுக்கென்ன, கவுருமெண்டு உத்தியோகம், லீவுன்னா தூங்குறா மவராசி’ என்று மாமி சொன்னது மாடி வரைக்கும் கேட்டது. ஷமாதான் ரஸ்க்கைப் பாலில் நனைத்து எனக்கு ஊட்டினாள். ஏழு வயதுப் பிள்ளை.

யாரையும் குறை சொல்லவில்லை. கூப்பிட்டிருந்தால் எல்லோரும் ஓடி வந்திருப்பார்கள். மாமி தங்கமான மனுஷி. நீங்கள் ஆசை ஆசையாகக் கட்டிக்கொடுத்த மாடி இது. முதலில் மாடி கட்ட என்று ஒரு சபர் வெளிநாடு போனீர்கள். பிறகு அக்கா மகள் கல்யாணத்துக்கு. பிறகு மாடிக்கு வெளியே படிக்கட்டு வைக்க. இப்போது ஆஸிம் கடைக்கு. ஒவ்வொரு தடவையும் யாருக்கு என்ன இல்லை என்று பார்த்துத்தான் போனீர்கள், அதில் தப்பே இல்லை. எனக்குத்தான் எல்லாம் இருக்கிறதே. வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, பிள்ளை இருக்கிறது, வெளிநாட்டில் புருஷன் இருக்கிறார்.

எனக்கு அலுத்துவிட்டது மச்சான். வேலை அலுப்பு இல்லை, அது எல்லோருக்கும் உண்டு. நல்லா இருக்கியா என்றால் இருக்கேன் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

பூமிகா விஷயத்தை முடித்துவிடுகிறேன். மறுநாள் காலையில் நான் போவதற்குள் அவள் வாடின கப்பிலிருந்து என் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டாள். ஏன் கிழித்தாய் என்றேன். ‘இப்ப எல்லாரும் ஊத்துவாங்க டீச்சர்’ என்றாள். அப்படியேதான் ஊற்றுகிறார்கள். இலை எல்லாம் உதிர்ந்துவிட்டது, அடித்தண்டு மட்டும் இன்னும் பச்சையாக இருக்கிறது. பிழைக்குமா என்று தினமும் என்னைக் கேட்கிறார்கள். பார்க்கலாம் என்கிறேன். அதிகாரிக்கு வேறு கப்பில் புதிதாக ஊன்றியிருக்கிறோம்.

அக்ரிமெண்டைப் பற்றி, உங்கள் இஷ்டம் என்று முன்னால் எழுதினேன். உங்கள் இஷ்டம் இல்லை மச்சான். எனக்கும் இதில் இஷ்டம் உண்டு. கையெழுத்துப் போடாதீர்கள். நோன்பு வரப்போகிறது. இந்தத் தடவை விடியுமுன் சஹர் சாப்பிட என்னை எழுப்ப செல்போன் வேண்டாம். ஆஸிமுக்கு இரண்டு கையும் இருக்கிறது, நீங்கள் வந்து பக்கத்தில் நின்றால் கடை வைப்பான். ஊரில் வந்து என்ன செய்வது என்று யோசிக்காதீர்கள், என் சம்பளத்தில் கொஞ்ச நாள் உட்கார்ந்து சாப்பிடுங்கள், ஒன்றும் கௌரவம் குறைந்துவிடாது.

இதை எழுதி முடித்துவிட்டு முதல் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். மாமி நலம், ஆஸிம் நலம், ஷமா நலம் என்பதெல்லாம் உண்மை, அப்படியே இருக்கட்டும். ‘நான் நலம்’ என்று இருந்ததை மட்டும் பேனாவால் அடித்திருக்கிறேன். கோடு கொஞ்சம் கோணலாகப் போய்விட்டது. முதலாளி காகிதத்தை நீட்டும்போது அந்த இடத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

அல்லாஹ் உங்களை நல்லபடியாக வீடு கொண்டுவந்து சேர்ப்பானாக.

லத்தீஃபா