ஊர்மீனில் வீட்டுக்கு வீடு பங்கு

1946 ஆகஸ்ட் 12, திங்கள்.

கரைசேரும் ஒவ்வொரு படகும் ஊருக்கு ஒரு மீன் தரவேண்டும் என்பது இங்கே வழக்கம். நூறு பிடித்த வள்ளத்துக்கும் ஒன்று, ஐந்து பிடித்த கட்டுமரத்துக்கும் ஒன்று. நேற்று ஞாயிற்றுக்கிழமைக் கோயில் பூசை முடிந்து கூடிய ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, பத்துக்கு ஒன்று வாங்குங்கள், அதற்குக் கீழே பிடித்தவனை விட்டுவிடுங்கள் என்றேன்.

"அந்த மீனை இல்லாதவங்களுக்குத்தான ஆத்தா கொடுக்கோம்" என்றான் வள்ளக்காரன் சவரியான்.

"இல்லாதவளுக்குன்னு கொடுக்காதலே. எல்லா வீட்டுக்கும் கொடு. ஒன் வீட்டுக்கும் சேத்து."

"எனக்கு எதுக்கு?"

"நீயும் வாங்கினாத்தான் வாங்குதவள எவனும் ஏசமாட்டான்."

என் புருஷனைக் கடல் கொண்டுபோன அந்த வருஷம், ஊர்மீன் கேட்டு நின்ற என்னிடம் இவன் அப்பன் ஒரு சாளை மீனை எறிந்து, "நாளைக்கும் வந்துராத" என்றான். அதைக் கூட்டத்தில் சொல்லவில்லை. ஊர் ஒத்துக்கொண்டது.

இன்றுதான் முதல் பங்கு. சவரியான் பெண்டாட்டி வராவிட்டால் மற்றவர்களும் கூச்சப்பட்டு நின்றுவிடுவார்களோ என்று பயந்தேன். வெயில் ஏறியபின் வந்து எனக்குப் பின்னால் வரிசையில் நின்றாள். ஆளுக்கு நான்கு சாளை வாங்கினோம்.

குழம்பு நன்றாக இருந்தது. அவள் மாமனாரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது வேறு.